பரணிலிருந்து காட்சிக்கூடம் வரை: தாமே பயின்ற ஓவியர்க்குச் சில நடைமுறைகள்

திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்கு வரும் நெடுஞ்சாலையில் வடமாலபேட்டை என்றோர் ஊர் இருக்கிறது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக் கோடுகள் இவ்வாறு இடம் பெயர்ந்தபோதிலும் அவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைத்தெருவில் தெலுங்கும் அடுக்களையில் தமிழுமாக அவர்களுடைய வாழ்க்கை நடைபெறுகிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வேலை நிமித்தம் குடியேறிய தமிழர் நிலையும் ஏறத்தாழ இதுவேயாகும்.

இத்தகைய குடும்பங்களில் ஓவியம் தீட்டுவோர் ஒருவரேனும் இருப்பதைப் பல இடங்களில் காணலாம். பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புகளோடு உழன்றுவிட்டு இரவில் வண்ணம் குழைப்பவர் ஒருவர். கோலத்தில் பழகிய கையைத் தூரிகைக்குப் பழக்கிக்கொண்ட இல்லத்தரசி ஒருவர். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டே தமக்கென்று சில படங்களைத் தீட்டி வைத்திருப்பவர் மற்றொருவர். இவர்கள் எந்தக் கலைக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். இவர்களுடைய படங்கள் எங்கே இருக்கின்றன? பரண்மேல் இருக்கின்றன, கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பத்து ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்க இயலாமல் பூசணம் பூத்து, வீடு மாற்றும் நாளில் பழைய தாள்களோடு போய்விடுகின்றன. ஒரு மனிதர் இருபது ஆண்டு கண்டதும் நினைத்ததும் அவ்வாறு அழிவது சிறிய இழப்பு அன்று.

படம் நன்றாக இல்லாமையால் இவ்வாறு நேர்கிறது என்று சொல்ல முடியாது. காட்சிக்கூடத்தின் வாயிலை அணுகுவது எப்படி என்று சொல்லித் தருவார் இல்லாமையே பெரும்பாலும் காரணம். கல்லூரியில் பயின்றவர்க்கு ஆசிரியரும் உடன் பயின்றோரும் அதனைச் சொல்லிவிடுகின்றனர். தாமே பயின்றவர், அதிலும் வேற்று மாநிலத்தில் வாழ்பவர், யாரைப் போய்க் கேட்பார்? அந்த நடைமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முன்னோர் சென்ற வழி

கல்லூரியில் பயிலாதவர்க்குக் காட்சிக்கூடத்தில் இடம் உண்டா என்று முதலில் ஐயுறுவோர் பலர். வரலாறு அந்த ஐயத்தைப் போக்குகிறது. 1848இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா எந்த ஓவியப் பள்ளியிலும் சேர்ந்து பயின்றவர் அல்லர். திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண முறையை அவருக்குக் கற்பிக்க விரும்பவில்லை என்றும், அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார் என்றும் கூறுவர். பார்த்தும் முயன்றும் கற்ற அவ்விளைஞர், 1873இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சிக்குத் தம் ஓவியத்தை அனுப்பினார், பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா நகரத்து உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றார். 1893இல் சிகாகோ கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் கடல் கடந்து சென்றன. அவருடைய கைத்திறனை நாம் போற்றுகிறோம். படத்தை வெளியே அனுப்பும் துணிவும் ஒழுங்கும் அவரிடம் இருந்ததையும் உடன் நினைக்கவேண்டும்.

இரவீந்திரநாத தாகூர் அறுபது வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுமூச்சாக ஈடுபட்டார். கையெழுத்துப் படியில் அடித்த வரிகளையும் திருத்தங்களையும் உருவங்களாக இணைத்துப் பார்த்ததே அவருக்குத் தொடக்கமாக அமைந்தது. 1930ஆம் ஆண்டு மே மாதம் பாரிசு நகரில் பிகால் காட்சிக்கூடத்தில் அவருடைய ஓவியங்கள் முதன்முதலாக வைக்கப்பட்டன. அதற்கு வேண்டிய ஏற்பாடுகளுக்கு அர்ஜென்டீனா நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ துணை நின்றார். நோபல் பரிசு பெற்ற பெருங்கவிஞருக்கும் கூடம் பிடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது என்றால், நமக்கு வழி தெரியாமையில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டிப் பிழைத்த எம். எஃப். உசேன், 1947இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்ற பின்னரே பலர் கண்ணில் பட்டார். பிரான்சு நாட்டிலோ, பாரிசு நகரின் சுங்கச் சாவடியில் வேலை பார்த்த ஆன்ரி ரூசோ என்பவர், தேர்வுக்குழுவே இல்லாத திறந்த கண்காட்சி ஒன்றில் 1886 முதல் தம் படங்களை வைத்துவந்தார். பலர் நகைத்தனர். அவர் விடாது ஆண்டுதோறும் அனுப்பினார். இன்று அவருடைய படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளன. இரவிவர்மாவும் தாகூரும் அவ்வொன்பதின்மருள் இருக்கின்றனர். எனவே, கல்லூரிச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் எவரும் தம்மைத் தாமே விலக்கி வைத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

காட்சிக்கூடங்கள் நால்வகை

காட்சிக்கூடம் என்ற ஒரே சொல்லால் நாம் வழங்குவன உண்மையில் வெவ்வேறு தன்மை உடையவை. அவற்றின் வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பிப்பது, தபால் நிலையத்துக்குச் சென்று ரயில் சீட்டு கேட்பதைப் போன்றது.

முதல்வகை, தேர்வுக்குழு பார்த்து ஏற்கும் கண்காட்சிகள். 1954இல் தில்லியில் தொடங்கப்பெற்ற லலித் கலா அகாதெமி நடத்தும் தேசியக் கண்காட்சி இத்தகையது. 1888இல் தோன்றிய பம்பாய்க் கலைச் சங்கம், 1928இல் தில்லியில் நிறுவப்பெற்ற அகில இந்திய நுண்கலை, கைவினைச் சங்கம் ஆகியனவும் படைப்புகளை வரவேற்றுத் தேர்ந்து காட்சிக்கு வைப்பன. இரண்டாம் வகை, வாடகைக்குக் கிடைக்கும் கூடங்கள். மும்பையில் 1952இல் திறக்கப்பெற்ற ஜஹாங்கீர் ஓவியக்கூடமும், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் கூடமும் பலரும் அறிந்தவை. வாடகைக் கூடமாயினும் விண்ணப்பத்தோடு படங்களின் நிழற்படங்களும் பார்வைக்குக் கேட்கப்படும். புகழ்பெற்ற கூடங்களில் முறை வர ஆண்டுக்கணக்கில் காத்திருத்தலும் உண்டு.

மூன்றாம் வகை, வணிகக் காட்சிக்கூடங்கள். இவை ஓவியரிடம் வாடகை பெறுவதில்லை; படம் விற்றால் விலையில் ஒரு பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்கின்றன. தாமே ஓவியரைத் தெரிந்தெடுக்க விரும்புவன ஆதலின், முன்பின் அறியாதவர் படங்களைச் சுமந்துகொண்டு திடீரென்று வாயிலில் நிற்பதை இவை விரும்புவதில்லை. நான்காம் வகை, திறந்தவெளிச் சந்தைகள். பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தை ஒட்டி நடத்தும் சித்திரச் சந்தையில் கல்லூரி காணாத ஓவியரும் இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம். முதன்முறை வெளியே வருபவர்க்கு இது நல்ல பயிற்சிக்களம். மக்கள் எந்தப் படத்தின்முன் நிற்கிறார்கள், எதனைக் கண்டும் காணாமல் கடக்கிறார்கள் என்பதை ஒரே நாளில் நேரிற் காணலாம்.

புலம்பெயர்ந்த தமிழர்க்கு இவ்விடத்தில் தனிக் குறிப்பு ஒன்று உண்டு. மாநில அரசுகளும் மாநிலக் கலை அமைப்புகளும் நடத்தும் கண்காட்சிகள் பெரும்பாலும் அந்த மாநிலத்தில் பிறந்தவர் அல்லது குடியிருப்பவர் என்ற வரையறையை விதிக்கின்றன. வடமாலபேட்டையில் வாழும் தமிழர் சென்னைக்கு விண்ணப்பித்தால் ஆந்திரத்தார் எனப்படலாம்; விசயவாடாவுக்கு விண்ணப்பிக்கத் தமக்கே மனம் தயங்கலாம். தயங்க வேண்டியதில்லை. எங்கே குடியிருப்புச் சான்று இருக்கிறதோ அந்த மாநிலத்தின் ஓவியராக விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேசிய அளவிலான கண்காட்சிகளில் இந்த மாநில வரையறையே எழுவதில்லை.

படத்தை ஆயத்தம் செய்தல்

வடமாலபேட்டைக்கு அண்மையில் உள்ள காளத்தியில் கலம்காரி ஓவியர்கள் வாழ்கின்றனர். அவர்கள் கோடு ஒன்று இழுப்பதற்கு முன்பே துணியைக் கடுக்காய் கலந்த பாலில் தோய்த்து உலர்த்துகிறார்கள். இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்துக் கருமைக்கு மை ஆக்குகிறார்கள். படிகாரத்தால் சாயத்தைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அங்ஙனம் பக்குவப்படுத்தாத துணியில் மை பரவிப் போகும். சாயம் கழுவிப் போகும். அடித்தளத்தைப் பண்படுத்துவது ஓவியத்தின் ஒரு பகுதி என்பதே அவர்களிடம் நாம் கற்கவேண்டிய முதற் பாடம்.

தாமே பயின்றோர் பலர் இதில்தான் இடறுகின்றனர். அடிப்பூச்சு இல்லாத கித்தானில் எண்ணெய் வண்ணத்தை நேரே தீட்டினால், எண்ணெய் நூலில் இறங்கி நாளடைவில் துணியை மக்கச் செய்யும். அக்ரிலிக் வண்ணத்தின்மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம். எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் பூசினால் அது பற்றி நில்லாமல் உரிந்து வரும். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த மாத்திரத்தில் உலர்ந்துவிட்டதாகக் கருதலாகாது. தடித்த பூச்சு உள்ளே உலர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும். அதன் பின்னரே இறுதி வார்னிஷ் பூசுதல் நலம். அடுத்த மாதக் கண்காட்சிக்கு இந்த மாதம் தீட்டிய எண்ணெய் ஓவியத்தை அனுப்புவோர் இதனை நினைவிற் கொள்க.

தாளில் தீட்டிய நீர் வண்ணப் படங்களுக்கு அமிலமற்ற அட்டையே பின்புறம் வேண்டும். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். படத்தைப் பசையால் அட்டைமேல் முழுவதும் ஒட்டிவிடாமல், மேல் விளிம்பில் மட்டும் தாள் கீற்றுகளால் தொங்கவிடுதல் வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாதிருக்க இடையில் ஓர் அட்டை விளிம்பு அவசியம். தொட்டால் மழைக்காலத்து ஈரம் அங்கே தங்கிப் பூசணம் பிடிக்கும்.

சட்டம் எளியதாக இருத்தல் நன்று. பூவேலை செய்த பொன்னிறச் சட்டம் பூசையறைப் படத்துக்குப் பொருந்தும். தேர்வுக்குழுவின்முன் அது படத்தை விழுங்கிவிடும். பின்புறத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இருபுறமும் வளையம் பொருத்தி, கம்பியைச் சற்றுத் தளர்வாகக் கட்டவேண்டும். தொங்கவிட வசதியில்லாத படத்தைச் சில கூடங்கள் ஏற்பதே இல்லை. ஓவியர் பெயர், படத்தின் தலைப்பு, ஊடகம், உயரம், அகலம், ஆண்டு, முகவரி ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டுக. அளவு குறிக்கும்போது உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் வருவது உலக வழக்கு. மாற்றி எழுதினால் நின்ற படம் கிடந்த படமாகப் பட்டியலில் ஏறிவிடும்.

நிழற்படமே முதல் தூதுவன்

இன்று பெரும்பாலான தேர்வுக்குழுக்கள் முதலில் காண்பது உங்கள் ஓவியத்தை அன்று. இணையத்தின் வழியே நீங்கள் அனுப்பும் நிழற்படத்தையே காண்கின்றன. ஆதலின் அதில் காட்டும் அலட்சியம் ஓவியத்துக்கே உலை வைக்கும். கண்ணாடி இடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுக. நேர்வெயில் படாத வெளிச்சமான தாழ்வாரத்தில், காலை பத்து மணியளவில், ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக நிறுத்துங்கள். கைப்பேசியோ கேமராவோ ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராகவும் இணையாகவும் இருக்கவேண்டும். சாய்ந்தால் சதுரம் சரிவகமாகும். மின்னொளி வீச்சைப் பயன்படுத்தலாகாது. கதவு, நாற்காலி, பிடித்திருப்பவர் விரல் முதலியவை தெரியாதபடி விளிம்போடு வெட்டிவிடுக. பின்னர் நிழற்படத்தையும் ஓவியத்தையும் அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். நிறத்தை அழகுபடுத்தி அனுப்பி, நேரில் மங்கலான படம் வந்து இறங்கினால், அக்கூடம் மறுமுறை உங்களை நம்பாது.

எத்தனை படங்கள் அனுப்புவது? கேட்ட அளவே அனுப்புவது முறை. தேர்வுக்குழுவினர் ஒவ்வொரு படத்தின்முன்னும் நிற்கும் நேரம் மிகக் குறைவு. பிள்ளையார் ஒன்று, நீர்வீழ்ச்சி ஒன்று, தலைவர் உருவம் ஒன்று, நவீன பாணியில் ஒன்று என்று கதம்பமாக அனுப்பினால், இவருக்கென்று பார்வை எது என்று அவர்களுக்குப் புலப்படாது. ஒரே பொருளைச் சுற்றி வந்த ஐந்து படங்கள், பலவகையான இருபது படங்களைக் காட்டிலும் வலிமை உடையன. நாட்காட்டிப் படத்தையோ பிறர் எடுத்த நிழற்படத்தையோ பார்த்து எழுதியவற்றை அறவே தவிர்க்க. அவை கைப்பழக்கத்துக்கு உதவும்; கண்காட்சிக்கு உரியன அல்ல. காளத்திக் கலம்காரி என்ற பெயர் புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. ஆகவே, அக்ரிலிக் வண்ணத்தில் அப்பாணியைப் பின்பற்றித் தீட்டியதைக் கலம்காரி என்று பெயரிட்டு அனுப்புவதும் பொருந்தாது.

தலைப்பும் தன்விவரமும்

விண்ணப்பத்தோடு ஒரு பக்கத் தன்விவரமும், படைப்பைப் பற்றி நூற்றைம்பது சொல் அளவில் ஒரு குறிப்பும் கேட்பது வழக்கம். கல்வி என்ற இடத்தில் தாமே பயின்றவர் என்று எழுதிவிடுங்கள். அஃது ஒரு குறையன்று, ஒரு செய்தி. இல்லாத குருவைப் படைப்பதும், ஒரு வாரப் பயிலரங்கைப் பட்டயப் படிப்பாக உயர்த்துவதும் வேண்டா.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். குறிப்பை முதலில் தமிழிலேயே எழுதுக. எதனைப் பார்த்துத் தீட்டினீர்கள், ஏன் அந்த நிறம், எந்தப் பொருளால் தீட்டினீர்கள் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்வதுபோல் எழுதுக. அதன் பின்னர் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தெலுங்கிலோ பெயர்த்துக்கொள்ளலாம். முதலிலேயே அயல்மொழியில் எழுத முற்படுவோர், கலை விமரிசனங்களில் பார்த்த பெருஞ்சொற்களைக் கோத்துவிடுகின்றனர். ஓவியர் யார் என்பது அதில் தெரிவதில்லை. தலைப்பையும் அவ்வாறே கருதுக. திண்ணை என்ற சொல்லுக்கு நேரான சொல் ஆங்கிலத்தில் இல்லை. அதனை மேடை என்றோ வராந்தா என்றோ பெயர்த்தால், அங்கே படுத்து உறங்கிய வழிப்போக்கனும், பாடம் சொல்லிய ஆசிரியரும் மறைந்துவிடுவர். திண்ணை என்றே அந்த மொழியின் எழுத்தில் எழுதி, கீழே ஒரு வரியில் விளக்கம் தருக. ஓவியத்தில் தமிழில் கையொப்பமிடுவதற்கும் எந்தக் கூடத்திலும் தடை இல்லை.

விதிகளைப் படித்தல்

அறிவிப்புத் தாளில் சிறிய எழுத்தில் இருப்பதே பெரிய செய்தி. சில சொற்றொடர்களின் பொருளை இங்கே தெளிவுபடுத்துகிறேன். உரிமையாளர் பொறுப்பில் அனுப்பப்படுவது என்றிருந்தால், வழியில் உடைந்தாலும் கெட்டாலும் ஈடு கிடைக்காது என்பது கருத்து. திரும்பப் பெறவேண்டிய நாள் என்றிருந்தால், அந்நாளுக்குப் பின் படத்துக்கு அவர்கள் பொறுப்பல்லர். சில இடங்களில் வைப்புக் கட்டணமும் விதிப்பர். அண்மைக்காலப் படைப்பு என்றால் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் தீட்டியது; ஆண்டு எல்லையை அறிவிப்பிலேயே காண்க. விதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் ஆதலின், சென்ற ஆண்டுத் தாளை நம்பி இவ்வாண்டு விண்ணப்பிக்க வேண்டா.

படத்தை அச்சிட அனுமதி என்பதற்கும் பதிப்புரிமையை ஒப்படைத்தல் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னது கண்காட்சி மலரிலும் விளம்பரத்திலும் படத்தை வெளியிட இசைதல். பின்னது உரிமையையே கொடுத்துவிடுதல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை ஓவியரிடமே நிற்கிறது. கையொப்பமிட்ட எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி அது பிறர்க்குச் செல்லாது. ஒருவர் பணம் கொடுத்துத் தமக்கென்று எழுதச் சொன்ன ஓவியத்தில் மட்டும், வேறு உடன்பாடு இல்லாவிடின், அவரே முதல் உரிமையாளர் ஆவார்.

படைப்பின் மாண்பைக் காக்கும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. தில்லி விஞ்ஞான பவனத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் வடித்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979இல் அகற்றப்பட்டுச் சிதைந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து இலட்சம் ரூபாய் ஈடு வழங்கவும் அரசுக்கு ஆணையிட்டது. விற்றபின்னும் படைப்போடு படைத்தவர்க்கு உறவு இருக்கிறது என்பதற்கு இத்தீர்ப்பு ஒரு சான்று.

மைய அரசு ஊழியர்களாகிய நேயர்களுக்கு ஒரு சொல். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15ஆம் விதி, கடமைக்கு இடையூறு இல்லாதவரை, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிகளுக்கு முன் அனுமதி வேண்டியதில்லை என்கிறது. படங்களைத் தொடர்ந்து விற்பனை செய்வது வேறு. அது வணிகம் என்று கருதப்படக்கூடும். எனவே, விற்பனைக் கண்காட்சிக்கு முன் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவுபெறுவது நன்று.

விலையும் உடன்படிக்கையும்

விலை குறிப்பதில் நம்மவர் இரு எல்லைகளில் நிற்கின்றனர். கூச்சத்தால் மிகக் குறைவாகச் சொல்வோர் உண்டு. பத்திரிகையில் படித்த கோடிகளைக் கண்டு மிகையாகச் சொல்வோரும் உண்டு. கணக்கு இட்டுப் பாருங்கள். வணிகக் கூடங்களின் கழிவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருப்பது வழக்கம். ஓர் ஓவியத்துக்கு 12,000 ரூபாய் விலை என்றும், கழிவு நூற்றுக்கு நாற்பது என்றும் கொள்வோம். கழிவு 4,800 போக எஞ்சுவது 7,200. அதில் சட்டத்துக்கு 1,500, கட்டி அனுப்ப 900, கித்தானுக்கும் வண்ணத்துக்கும் 1,800 போனால், பதினைந்து நாள் உழைப்புக்கு நிற்பது 3,000 ரூபாய். இக்கணக்கை முன்னரே போட்டவர் பின்னர்க் கசந்துகொள்ள மாட்டார். கூடத்தில் 12,000 என்று வைத்த படத்தை வீட்டில் 6,000க்குக் கொடுப்பதும் தகாது. அச்செய்தி கூடத்தை எட்டினால் உறவு முறியும்.

படத்தை ஒப்படைக்கும்போது பட்டியல் எழுதிக் கையொப்பம் பெறுக. எத்தனை படம், என்ன விலை, எத்தனை நாள், கழிவு எவ்வளவு, விற்ற பணம் எத்தனை நாளில் வரும், போக்குவரத்துச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா என்ற ஏழு வினாக்களுக்கும் அத்தாளில் விடை இருக்கவேண்டும். வாய்ச்சொல் போதும் என்பவரிடம் படத்தைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவது, அதிலும் மொழி அறியாத நகரில், பேரிடருக்கு இடமாகும்.

ஒரே நிழற்படத்தைப் பார்த்த மறுநாளே, நீங்கள் வெளிநாட்டுக் கண்காட்சிக்குத் தேர்வு பெற்றுவிட்டீர்கள், இவ்வளவு தொகை அனுப்புக என்று வரும் கடிதங்களைக் கண்டு மயங்க வேண்டா. விண்ணப்பக் கட்டணம் சிறிதளவு பெறுவது முறையான அமைப்புகளிலும் உண்டு. கூட வாடகையும் நேர்மையான ஒன்றே. தேர்வு என்ற பெயரால் பெருந்தொகை கேட்பது வேறு. அக்கூடம் எங்கே இருக்கிறது, சென்ற ஆண்டு அங்கே படம் வைத்தவர் யார், அவரிடம் பேசமுடியுமா என்று கேளுங்கள், உண்மை விளங்கிவிடும்.

கட்டி அனுப்புதல்

வடமாலபேட்டையிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் சில மணி நேரம். படத்தைக் கையோடு கொண்டுபோய்விடலாம். தில்லிக்கோ மும்பைக்கோ என்றால் ரேணிகுண்டா சந்திப்பில் ரயில் பார்சலாகவோ தனியார் சரக்கு வண்டியிலோ அனுப்பவேண்டும். காற்றுக் குமிழித் தாள் வண்ணத்தின்மேல் நேரே படுமாறு சுற்றினால் வெயிலில் குமிழிகளின் தடம் ஓவியத்தில் பதிந்துவிடும். முதலில் வழவழப்பான மெழுகற்ற தாள், அதன்மேல் குமிழித் தாள், மூலைகளுக்கு அட்டைக் காப்பு, அதன்பின் ஒட்டுப்பலகைப் பெட்டி என்பது வரிசை. பெட்டியை ஆணி அடித்து மூடாமல் திருகாணியால் மூடுக. திறப்பவர் சுத்தியலால் பெயர்க்க நேராது. அதே பெட்டியில் படம் திரும்பியும் வரும். கண்ணாடியைத் தவிர்த்து ஒளிபுகும் அக்ரிலிக் தகடு இடுவது பாதுகாப்பு. கண்ணாடியே வேண்டுமெனின், அதன்மேல் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினால் உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்கா.

கித்தானைச் சுருட்டி அனுப்புவதாயின், வண்ணப் பக்கம் வெளிப்புறமாக இருக்குமாறு அகன்ற குழாயின்மேல் சுருட்டவேண்டும். பலரும் வண்ணத்தைக் காப்பதாக எண்ணி உட்புறமாகச் சுருட்டுகின்றனர். அங்ஙனம் செய்தால் பூச்சு நெருக்குண்டு வெடிப்பு விழும். தடித்த பூச்சுடைய ஓவியத்தைச் சுருட்டவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களைப் பெட்டிக்குள் வைக்கலாம்.

மறுப்பு வந்தால்

இத்தனையும் செய்தபின் மறுப்புக் கடிதம் வரலாம். பெரும்பாலும் வரும் என்றே எதிர்பாருங்கள். 1863இல் பாரிசு அரசுக் கண்காட்சிக்கு வந்த படங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தேர்வுக்குழு தள்ளிவிட்டது. எழுந்த கூக்குரலைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன், தள்ளப்பட்டவற்றைத் தனியே காட்சிக்கு வைக்க ஆணையிட்டான். அங்கே வைக்கப்பட்டு எள்ளி நகையாடப்பட்ட மானே என்பவரின் ஓவியம், பின்னாளில் நவீன ஓவியத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. தேர்வுக்குழுவும் தன் காலத்துக் கண்ணால்தான் பார்க்கிறது.

ஆயினும், தள்ளப்பட்ட படமெல்லாம் காவியம் என்று தேற்றிக்கொள்வதும் சரியன்று. மறுப்பு வந்தபின் இரண்டு வேலைகள் செய்க. ஏற்கப்பட்ட படங்கள் காட்சிக்கு வைக்கப்படும்போது நேரிற் சென்றோ இணையத்திலோ அவற்றைப் பாருங்கள். உங்கள் படத்துக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு கைத்திறனிலா, கருத்திலா, நிழற்படத்திலா என்று ஆராயுங்கள். அடுத்து, ஒரு குறிப்பேட்டில் எந்தப் படம், எங்கே, எந்நாள் சென்றது, என்ன விடை வந்தது என்று எழுதி வையுங்கள். அக்குறிப்பேடு ஐந்து ஆண்டில் உங்களுக்கு ஓர் ஆசிரியர் ஆகிவிடும்.

நேயர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருக்கும் படங்களை இறக்குங்கள். ஈரத் துணியால் துடைக்காமல், உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். அவற்றுள் ஒரே பொருளைச் சுற்றிய ஐந்து படங்களைப் பிரித்தெடுங்கள். பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதி, தாழ்வாரத்து வெளிச்சத்தில் நிழற்படம் எடுத்து வையுங்கள். அறிவிப்பு வரும் நாளில் உங்கள் விண்ணப்பம் பாதி முடிந்திருக்கும்.